நாம் என்று சொன்னது

என் அடையாள அட்டையில் வேலையின் பெயர்
ஒன்பது சொல் நீளம்.
ஸ்கெல்பிக்காரர்கள் அதைச் சுருக்கிவிட்டார்கள்:
கெட்ட சேதி வந்திருக்கு, நாற்காலி போடு.

வடகடலை ஒட்டிய களிமண் மேடு.
ஆண்டுக்கு இரண்டு மீட்டர் கரைகிறது என்பது சராசரி.
சராசரி எவர் வீட்டையும் தள்ளியதில்லை.
ஒரு பிப்ரவரி இரவில் ஒன்பது மீட்டர் போகும்,
கூடவே ஒரு கோழிக்கூண்டு, பாதி வேலி, ஒரு டிராம்போலின்.
பிறகு மூன்று வருடம் ஒன்றும் ஆகாது.
ஒன்றும் ஆகாத அந்த மூன்று வருடத்தில்தான்
நான் கூட்டம் போட வேண்டும்.

முதல் கூட்டத்துக்கு நாற்பத்தொரு படங்கள் கொண்டுபோனேன்.
ஊரின் மேல் நீலம் படரும் வரைபடம்,
பத்தாண்டுக்கு ஒரு கோடு.
மூன்றாம் படத்திலேயே
கேரவன் பூங்கா மார்லீன் எழுந்துபோய்
தேநீர்க் கலனைப் போட்டுவிட்டாள்.
அது கொதித்து அடங்கும்வரை
என் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்:
பயமுறுத்தாதே, நம்பிக்கையில் முடி,
முக்கியமாக, நாம் என்று பேசு.
பேசினேன்.
நாம் இழப்பது, நாம் காப்பது, நாம் தயாராவது.
பின்வரிசையிலிருந்து டெர்ரி ஆக்ஸ்டன்
கை தூக்காமலே கேட்டார்: உன் வீடு எங்கே?

இருபத்தாறு மைல் உள்ளே.
மேட்டில்.
இரண்டாம் மாடி.

"அப்போ அது நாம் இல்லை, பெண்ணே. நாங்கள்."
யாரும் சிரிக்கவில்லை.
அடுத்த படத்துக்குப் போகும் பொத்தான்
என் விரலுக்கு அகப்படவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு, இரவு ஒன்பதரை.
அவர் எண்தான். வணக்கம் கிடையாது.
"வீட்டுப் பாய்லர் போயிருச்சு.
பத்து வருட உத்தரவாதம்னா ஒரு விலை,
அஞ்சு வருடம்னா அறுநூறு பவுண்டு குறைவு.
எதை எடுக்க?"

என் நாற்பத்தொரு படங்களில்
பாய்லர் இல்லை.
நிச்சயமின்மையின் வீச்சு என்று ஏதோ தொடங்கினேன்.
"குளிருது" என்றார்.
பின்னால் யாரோ இருமினார்கள்.
அவர் மனைவி ஐவி கோட்டோடு படுத்திருந்தாள் என்பது
பிறகு தெரிந்தது.

அஞ்சு, என்றேன்.

தொலைபேசியில் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கலாம்,
அதற்கு யாரும் பயிற்சி தருவதில்லை.
எனக்குக் கேட்டது கடலாக இருக்கலாம்,
வெறும் இணைப்பின் இரைச்சலாகவும் இருக்கலாம்.
"அஞ்சா."
கேள்வியில்லை அது. கணக்கில் எழுதிக்கொள்ளும் குரல்.
"சரி. அறுநூறு மிச்சம்."

அடுத்த கூட்டத்தில் படம் போடவில்லை.
மார்லீன் கூரைக்கு மூன்று விலைப்பட்டியலோடு வந்தாள்.
தோட்டத்தில் புதைத்த நாயை
இப்போதே தோண்டி வேறிடம் வைக்கலாமா என்று
தபால்காரர் தாழ்ந்த குரலில் கேட்டார்.
டிராம்போலின் திரும்ப வருமா என்றாள் ஏழு வயது இஸ்லா.
அது ஒன்றுக்குத்தான் எனக்கு உறுதியாகப் பதில் தெரியும்,
அதைச் சொல்லத்தான் வரவில்லை.
தெரியாது என்று அன்றைக்குப் பதினொரு முறை சொன்னேன்.
தேநீர்க் கலன்
நான் பேசி முடித்த பிறகுதான் கொதித்தது.

ஆண்டறிக்கைப் படிவம் கேட்கிறது:
எத்தனை பேரைச் சென்றடைந்தீர்கள்?
எத்தனை பேரின் மனம் மாறியது?
பாய்லர், ஒன்று, என்று எழுதி அனுப்பினேன்.
தட்டச்சுப் பிழையா என்று திரும்பி வந்தது.

மார்ச். கடற்காகங்கள் கரைந்துகொண்டே இருக்கின்றன.
பின்கதவிலிருந்து விளிம்புவரை அளந்தோம்.
அளந்தோம் என்ற வினை
யாரைச் சேர்த்தது, யாரை விட்டது என்று சொல்வதில்லை;
அதன் தயவில் சற்று நேரம் நின்றிருந்தேன்.
கதவருகே ஐவி
நாடாவின் நுனியைச் செருப்பால் மிதித்துக்கொண்டிருந்தாள்.
"பதினேழு மீட்டர் நாற்பது" என்றார் டெர்ரி,
"நாங்க பிடிச்சுக்கிறோம், நீ எழுது."

பேனா உறைந்திருந்தது.
பென்சிலால் எழுதினேன்.